வலிப்புக்காரி குளிப்பாட்டிய பிள்ளை

ஐயா,

பிறக்கப்போகும் குழந்தையைக் குளிப்பாட்ட ஓர் ஆள் பேசி வைத்திருப்பதாக நேற்று போனில் சொன்னாய். நல்ல அனுபவம் உள்ள அம்மாளாம். உங்கள் குடியிருப்பிலேயே பல வீடுகளுக்குப் போகிறவளாம். காலையில் வந்து எண்ணெய் தேய்த்து, குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டித் தூங்கவைத்துவிட்டுப் போய்விடுவாளாம். "ஒங்களுக்கு ஏம்மா செரமம், நீங்க சும்மா வந்து இருந்தா போதும்" என்றாய். நான் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சரி என்று சொன்னால் சம்மதம் என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் சண்டை போட்டால் உனக்குப் பாதி கேட்கும், பாதி கேட்காத மாதிரி நடிப்பாய். அதனால் எழுதுகிறேன். அந்த அம்மாளிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா தினமும் காலையில் மாத்திரை போடுவாள், அம்மாவுக்கு ஏதோ ஹார்மோன் குறைவு, காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், வாந்தி நிற்கவில்லை என்றால் ஊசிக்கு ஓட வேண்டும். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இவ்வளவு தெரிந்ததே போதும் என்று நானும் இத்தனை காலம் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு காலத்தில் தென்காசியில் நம் தெருவில் எனக்கு இருந்த பெயர் வேறு. 'வலிப்புக்காரி' என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லுவார்கள். நீ அப்போது கைக்குழந்தை. அந்தப் பேரோடு சேர்ந்து வந்த சட்டம் என்ன தெரியுமா? நான் உன்னைத் தூக்கக் கூடாது, தண்ணீர் பக்கம் கொண்டுபோகக் கூடாது, குளிப்பாட்டவே கூடாது. பெற்ற பிள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற எனக்கு அனுமதி இல்லை. அந்த அனுமதியை நான் எப்படி வாங்கினேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

உன்னைப் பெற்றது வாசுதேவநல்லூரில், என் அப்பா வீட்டில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கம்தான். நீ சமர்த்தாக வந்துவிட்டாய். அதற்குப் பிறகுதான் வினை. நஞ்சுக்கொடி விழத் தாமதமாகி, ரத்தம் நிற்காமல் போனது. பாய் நனைந்து தரையெல்லாம் நனைந்தது என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, ரத்தம் ஏற்றி, பிழைக்கவைத்தார்கள். பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார்கள். உடைத்ததோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். இதைப் படித்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்ளாதே. நீ பிறந்ததால் எனக்கு இது வந்தது என்று ஒரு நிமிஷம்கூட நான் நினைத்ததில்லை. ரத்தம் போனதால் வந்தது. நீ வந்தது வேறு கணக்கு.

எனக்குப் பால் சுரக்கவில்லை. பூண்டை வதக்கிக் கொடுத்தார்கள், வெந்தயக் கஞ்சி கொடுத்தார்கள், யார் எதைச் சொன்னாலும் அதையெல்லாம் கொடுத்தார்கள். ஒரு சொட்டு இல்லை. மாதவிலக்கும் திரும்பவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். தலைமுடியும் புருவமும் மெலிந்தன. முகம் வெளுத்துச் சோகை பிடித்தவள் மாதிரி ஆனேன். எப்போதும் தூக்கம். எப்போதும் குளிர். தென்காசிக் கோயில் வாசலில் அடிக்கிற காற்று உனக்குத் தெரியும். கோபுரம் அப்போது மொட்டையாக நின்றது, காற்று மட்டும் இன்றைக்கு அடிக்கிற மாதிரியேதான் அடிக்கும். ஊரே அந்த வாசலில் நின்று காற்று வாங்கும். நான் சித்திரை வெயிலில் அந்த வாசலைத் தாண்ட முடியாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நீ குப்புற விழுந்து நீந்த ஆரம்பித்த சமயம் அது. அதுவரை உன்னைக் குளிப்பாட்டியதெல்லாம் உன் பெரியத்தைதான். உன் அப்பாவுக்கு மூத்தவர், கணவரை இழந்து நம் வீட்டோடு இருந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு மதினி. அன்று ஒரு வெள்ளிக்கிழமை, அவர் கோயிலுக்குப் போயிருந்தார். இன்றைக்கு என் பிள்ளையை நானே குளிப்பாட்டிவிடுவது என்று எனக்கு ஆசை. மணையில் உட்கார்ந்து காலை நீட்டி, உன்னைக் காலில் போட்டு, எண்ணெயும் தேய்த்துவிட்டேன். வெந்நீரை விளாவிச் சொம்பில் மொண்டேன். கை நடுங்கியது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் மங்கியது. என்னவோ உளறினேன் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்புறம் கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவள் ஓடிவந்து உன்னை எடுத்தாள். சூடு ஆறாத அண்டாவுக்கும் உனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்ததாம். மதினி திரும்பி வந்து கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி கையிலிருந்து உன்னைப் பிடுங்கிக்கொண்டார். பிறகு உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணுன்னாகூட நான் தாங்கிக்கிடுவேன். பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு தாங்குவா? இனிமே தண்ணி கிட்ட, தீ கிட்ட இவனத் தூக்கிட்டுப் போகாத. நீ படுத்துக் கெட. நான் பாத்துக்கிடுதேன்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதே. எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பாள். நானே சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பிறகு அடிக்கடி வந்தது. விடிகாலையில் வரும், சாப்பாடு தள்ளிப்போனால் வரும். வந்தால் மதினி சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் கையில் திணிப்பார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊர் வைத்தியம். மற்ற வீடுகளில் மருமகள் கைக்குச் சாவிக்கொத்து வந்தால் அது அதிகாரம். என் கைக்கு வந்தால் நான் தரையில் கிடக்கிறேன் என்று அர்த்தம். உன் அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். செங்கோட்டை ரோட்டில் மரவாடியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனுஷன், ஆஸ்பத்திரி என்றால் நாக்கு குழறும். ஆனாலும் எனக்காக எல்லாவற்றையும் அவரே சொன்னார். எப்படி விழுந்தேன், எப்படி இழுத்தது, வாயில் நுரை வந்ததா என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பால் வரவில்லை, மாதவிலக்கு இல்லை என்பதெல்லாம் ஆண்கள் இருவர் பேசிக்கொள்ளும் இடத்தில் நான் எப்படிச் சொல்வேன்? அவர்களும் கேட்கவில்லை. டாக்டர் வலிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கேட்ட கதைக்கு அதுதான் மருந்து, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான் பகலெல்லாம் தூங்கினேன். வலிப்பு மட்டும் தூங்கவில்லை.

மாத்திரை கேட்காவிட்டால் அடுத்து யார்? சாமிதான். மதினி எனக்காக ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டார். வெள்ளிதோறும் நான் விரதம் இருக்க வேண்டும், சஷ்டிக்கும் விரதம் இருக்க வேண்டும், வலிப்பு நின்றால் படிப்பாயசம். பாயசத்தைக் கோயில் படித்துறையில் ஊற்றிப் பிள்ளைகள் வழித்துக் குடிப்பார்களே, உன்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அதுதான். விரதம் என்றால் மதினி கணக்கில் பச்சைத் தண்ணீரும் யோசித்துத்தான். ஒரு சஷ்டிக்கு ஆய்க்குடிக்கே போனோம். நடை ஏறும்போதே எனக்குக் கண் மங்கியது. அப்படியே உட்கார்ந்து, என்னென்னவோ பிதற்றிக்கொண்டு, கை வெட்ட ஆரம்பித்தது. அன்று வேறு யாரோ பாயசம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மதினி ஒரு தம்ளர் வாங்கிவந்து என் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். கொஞ்ச நேரத்தில் நான் தெளிந்து எழுந்து உட்கார்ந்து "பிள்ள எங்க?" என்று கேட்டேன். மதினிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கூட வந்திருந்த உன் அப்பாவிடம் சொன்னார்:

"பாத்தியாலே தம்பி, பாத்தியா? முருகன் கண்ணத் தொறந்துட்டான். வெரதத்தோட பலன்தான் இது. இனிமே செவ்வாயும் சேத்து இருக்கட்டும்."

சிரிக்காதே. இன்றைக்கு உனக்கும் எனக்கும் சிரிப்பு வரும். பாயசத்தில் இருந்த வெல்லம் என்னை எழுப்பியது, நாங்கள் பட்டினியைக் கூட்டினோம். கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் பார்த்தோம், ஆனால் எது எதனால் நடந்தது என்பதை மட்டும் தலைகீழாகப் புரிந்துகொண்டோம். செவ்வாயும் சேர்ந்தது. வாரத்தில் ஒருநாள் விழுந்தவள் இரண்டு நாள் விழுந்தேன். நீ தவழ்ந்து, எழுந்து, நடந்து, பேச ஆரம்பித்தாய். 'அத்தே' என்பதுதான் நீ சொன்ன முதல் வார்த்தை. மதினி பூரித்துப்போய்த் தெருவெல்லாம் சொன்னார். நான் அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அடுப்பு பற்றவைக்காத அடுப்படி, தீ பக்கம் எனக்கு விலக்கு இருந்ததே.

அடுத்த சாரல் சீசனில் மதினிக்கு வேறு யோசனை வந்தது. மூளை சம்பந்தப்பட்ட எந்தச் சீக்குக்கும் குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் சரியாகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. புத்தி பிசகினவர்களைச் சங்கிலியோடு கூட்டிவந்து அருவியில் நிறுத்துவதை நானே பார்த்திருக்கிறேன். என்னையும் வெள்ளிதோறும் வெறும் வயிற்றோடு ஐந்தருவிக்குக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. தென்காசியிலிருந்து முதல் பஸ். மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது, சாரல் முகத்தில் குத்தியது. ஊர்ப்பட்ட ஜனம், எண்ணெய் வழியும் தலைகள், சிரிப்பு, கூச்சல். எனக்குத் தாடை கிட்டித்துப்போய்ப் பேச்சே வரவில்லை. "ஒரு நிமிசம் நில்லு, சரியாப் போயிரும்" என்று மதினி என் தோளைப் பிடித்துப் பெண்கள் பக்கத்து அருவிக்கு அடியில் நிறுத்தினார். தண்ணீர் தலையில் விழுந்தது தெரியும். அதற்கு மேல் தெரியாது.

மற்றதெல்லாம் மதினி சொல்லித் தெரிந்தது. என்னை இழுத்துப் பாறை ஓரத்தில் போட்டிருக்கிறார்கள். "சாவி இருந்தாக் குடுங்க, இரும்பு ஏதாச்சும் குடுங்க" என்று சுற்றி நின்று கத்தியிருக்கிறார்கள். அப்போது தலையில் எண்ணெயும் ஈரச்சேலையுமாக ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மதினி என் கையில் திணித்திருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்திருக்கிறார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டர். சீசனுக்குக் குடும்பத்தோடு குளிக்க வந்தவர். நாடியைப் பிடித்தபடியே கேட்டாராம்.

"கூட வந்தது யாரும்மா? காலையில என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் திங்கலம்மா. வெரதம். வெறும் வயித்தோட வந்தாத்தான அருவிக்குப் பலன்."

"நேத்து ராத்திரி?"

"அதுவும் இல்ல. சுத்தமா இருக்கணும்லா?"

டாக்டரம்மா உடனே என்னைத் தன் காரில் தூக்கிப்போடச் சொல்லிவிட்டார். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நினைவில்லாதவளுக்குப் புரையேறும் என்று மட்டும் சொன்னாராம். தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்த டாக்டரிடம் பேசி, முதலில் சோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்லி, பிறகு குளுக்கோஸை நேரே நரம்பில் ஏற்றினார். ஊசியைக் கையிலிருந்து எடுப்பதற்குள் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அது எனக்கே நினைவிருக்கிறது. ஈரத்தலையோடு ஒரு முகம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அவர் மதினி பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? இது வெறும் வலிப்பு நோயா இருந்தா, சர்க்கரைத் தண்ணி ஏத்துன கையோட இப்படி முழிக்க மாட்டா. ரத்தத்துல சர்க்கரை இறங்குது, அதான் வெட்டுது. ஏன் இறங்குதுங்கறதுதான் கேள்வி."

மதினிக்கு அப்போதும் முருகனை விட்டுக்கொடுக்க மனமில்லை. "ஆய்க்குடியிலயும் இப்பிடித்தாம்மா, பாயசம் உள்ள எறங்குனதும் எந்திரிச்சி உக்காந்துட்டா. வெரதத்துக்கு அம்புட்டுப் பலன்" என்றார். டாக்டரம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மதினியைப் பார்த்தார்.

"அம்மா, முருகன் மருந்தையே கையில குடுத்திருக்கான்! நீங்க மருந்த விட்டுட்டு விரதத்தக் கூட்டியிருக்கீங்களே!"

மதினி என் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார்.  தகவல் கேட்டு மரவாடியிலிருந்து ஓடிவந்திருந்த உன் அப்பாவை டாக்டரம்மா வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்னிடம் கேட்டார். என்னிடம், ஐயா. அத்தனை காலத்தில் முதன்முறையாக ஒருவர் என்னிடம் கேட்டார். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிற்றா? பிள்ளைக்குப் பால் வந்ததா? மாதவிலக்கு எப்போது கடைசியாக வந்தது? அக்குளில் முடி இருக்கிறதா? எப்போதும் குளிருகிறதா? ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லச் சொல்ல, அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கோ கூச்சத்தில் காது சுட்டது, ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என் கன்னத்தைத் தட்டினார். "பிள்ளை பெத்தப்ப ஆரம்பிச்சதும்மா இது. வலிப்பு அதோட வால். எல்லாரும் வாலைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்திருக்காங்க" என்றார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். பிள்ளை உண்டானால் அது கொஞ்சம் பருக்கும், அந்த நேரத்தில் ரத்தம் மிகவும் போனால் அதற்கு ரத்தம் கிடைக்காமல் வாடிப்போகும். பால், மாதவிலக்கு, உடம்புச் சூடு, பட்டினியைத் தாங்கும் தெம்பு எல்லாவற்றுக்கும் உத்தரவு போடுவது அதுதானாம். உத்தரவு வராததால் மற்ற சுரப்பிகள் சும்மா இருந்துவிட்டன. உன் அப்பா கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டாக்டரம்மா கதவைத் திறந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: "சரியாயிருமா?" அதற்கு டாக்டரம்மா, "அந்தச் சுரப்பி சரியாகாது. இவங்க சரியாயிடுவாங்க. உடம்பு சுரக்காததை மாத்திரையில குடுத்துடலாம், ஆனா ஆயுசுக்கும் விடக் கூடாது" என்றார்.

மதுரையில் படுக்கவைத்துச் சோதித்து, அவர் சொன்னதே சரி என்று உறுதியானது. முதலில் ஒரு மாத்திரை, அது உடம்பில் பிடித்த பிறகுதான் தைராய்டு மாத்திரை, முன்பின் மாறினால் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொன்னார். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதல் மாத்திரை வேலைசெய்ய ஆரம்பித்த அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்ததும் பசித்தது. எனக்குப் பசித்தது! வெளியே கைவண்டிக்காரன் கத்துவது கேட்டது, ஜன்னலில் வெயில் மஞ்சளாக இருந்தது. அப்போது உன் அப்பா வாங்கிவந்த காப்பி ஆறிப்போயிருந்தது. நான் தம்ளரை டங்கென்று வைத்து, "ஏங்க, இத மனுசன் குடிப்பானா? வழியில யார்ட்ட கத பேசிட்டு வாறீங்க?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த மனுஷன் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டு வராந்தாவில் ஓடினார். "டாக்டரம்மா, என்ன ஏசிட்டா! நல்லா ஏசுதா டாக்டரம்மா!" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. என் கோபத்தைப் பற்றி நீயும் உன் பெண்டாட்டியும் கேலி பேசுகிறீர்கள் அல்லவா? அது இலவசமாக வந்த கோபம் இல்லை, மாத்திரை போட்டு வாங்கிய கோபம். எனக்கு அதில் பெருமைதான்.

ஊருக்குத் திரும்பினேன். வலிப்பு வரவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று, வரவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன், யாரும் தடுக்கவில்லை. ஆனால் உன்னைக் குளிப்பாட்டும் நேரம் வந்தால் மதினி உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் கேட்கவும் இல்லை. என்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அவருக்கும் வரட்டும் என்று விட்டிருந்தேன். அடுத்த சாரல் வந்தது. மேற்கே மேகம் இறங்கி முதல் தூறல் விழுந்த அன்று நானே சொன்னேன்: "மதினி, ஐந்தருவிக்குப் போவோம். நான் விழுந்த எடத்துலேயே குளிக்கணும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாப்பிட்டுட்டுத்தான் போவோம்" என்றார்.

குற்றாலத்தில் ஒரு ஓட்டலில் இட்லி, பூரி, கேசரி என்று மூக்குப்பிடிக்கத் தின்றேன். நான் நிறுத்தினாலும் மதினி விடவில்லை, "இன்னொன்னு தின்னு, இன்னொன்னு தின்னு" என்று தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தார். விரதம் வைத்த கைதான். பிறகு ஐந்தருவி. அதே பாறை. மதினி உன்னை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றார். "மொதல்ல நீ மட்டும் நில்லு. பாக்குதேன்" என்றார். நான் போய் நின்றேன். தண்ணீர் தலையில் அறைந்தது, தோளில் அறைந்தது, மூச்சு முட்டியது. குளிர்ந்தது, மற்றவர்களுக்குக் குளிர்கிற அளவுக்கு மட்டும் குளிர்ந்தது. நான் கத்தினேன். எல்லாரும் கத்துகிறார்களே, அந்த மாதிரி. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மதினி எனக்கு எதிரே, தண்ணீர் தெறிக்கும் இடம்வரை வந்து நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. அதில் அருவி எவ்வளவு, கண்ணீர் எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. உன்னை இடுப்பிலிருந்து பிரித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா. ஓம் பிள்ள. நீயே குளிப்பாட்டு."

நீ என்ன செய்தாய் தெரியுமா? "அத்தே! அத்தே!" என்று ஊரைக் கூட்டினாய். காலை உதைத்தாய், என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாய். ஓரத்தில் மெல்லிசாக விழுகிற இடத்தில் உன்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து உன் தலையில் விட்டேன், முகத்தில் விட்டேன், முதுகைத் தேய்த்தேன். கொஞ்ச நேரம் அழுதாய், பிறகு தண்ணீரைக் கையால் பிடிக்கப் பார்த்தாய், பிறகு சிரித்தாய். சுற்றி நின்ற பெண்களுக்கு இது ஒரு தாய் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சாதாரணக் காட்சி. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். நான் ஜெயித்துவிட்டேன் ஐயா. அன்று ஐந்தருவியில் என்னைவிடப் பெரிய ஆள் யாரும் இல்லை. அந்த வாரமே ஆய்க்குடிக்குப் போய்ப் படிப்பாயசம் விட்டோம். யாரும் பட்டினி இருக்கவில்லை, மதினி உள்பட.

அதற்குப் பிறகு உன் பெரியத்தை எப்படி மாறினார் என்பதையும் சொல்ல வேண்டும். எண்பதுகளின் தொடக்கம், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். கீழப்பாவூரில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கை முறுக்கிக்கொண்டு வலிப்பு வந்துவிட்டது. வழக்கம்போலச் சாவி, சாவி என்று ஓடினார்கள். மதினி நடுவில் புகுந்து சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லாரும் தள்ளுங்க. பொம்பளப் பிள்ளைட்ட பேசணும்" என்றார். அவள் தெளிந்ததும், டாக்டரம்மா என்னிடம் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளிடம் கேட்டார். பால் வந்ததா, ரத்தம் போயிற்றா என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மதினி விடவில்லை, அவள் கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டி "இது என்னட்டி?" என்றார். கழுத்துக் கழலைக்கு ஆபரேஷன் செய்ததாம், அதற்குப் பிறகுதான் இந்த இழுப்பாம். "அத டாக்டர்ட்ட சொன்னியா?" "யாரும் கேக்கலியே." அவளையும் மதுரைக்கு அனுப்பினோம். அதுவும் ஒரு சுரப்பிதான். ஆபரேஷனில் பழுதாகி, உடம்பில் சுண்ணாம்புச் சத்து இறங்கியிருந்ததாம். மாத்திரையில் சரியானது. அதற்காக வலிப்பு என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்கள் வலிப்பு மாத்திரையை விடவே கூடாது, அதற்குப் பிறகு மதினி அனுப்பிவைத்தவர்களில் பலருக்கு டாக்டரம்மா அதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதனாலெல்லாம் மதினி கேட்பதை நிறுத்தவில்லை. கடைசிவரை நம் வீட்டுச் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. போகிற காலத்தில் என் கையில் கொடுத்தார். அன்று நான் தரையில் கிடக்கவில்லை, நின்றுகொண்டுதான் வாங்கினேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் பெண்டாட்டி தாயில்லாப் பெண். பிரசவத்துக்கு அவளை நம் வீட்டில்தான் வைத்துப் பார்க்கிறோம். ஆஸ்பத்திரியில் அவளுக்காக நீ பதில் சொல்லாதே. உன் அப்பா அன்பு மிகுந்துதான் எனக்காகப் பேசினார், அந்த அன்பில்தான் என் நோய் ஒளிந்துகொண்டது. அவளிடம் கேட்கட்டும், அவள் சொல்லட்டும், நீ வெளியே நில். ரத்தம் எவ்வளவு போயிற்று என்று டாக்டரிடம் கேள். பால் வருகிறதா, குளிருகிறதா, தலை சுற்றுகிறதா என்று அவளிடம் கேள், கேட்கக் கூச்சப்படாதே. அவள் எனக்காகவோ சாமிக்காகவோ பட்டினி கிடப்பதாகச் சொன்னால், சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவளை முதலில் சாப்பிடச் சொல். அவளிடம் ஏதாவது மாறுதல் தெரிந்தால் பயப்படு, ஆனால் அவளைப் பார்த்துப் பயப்படாதே. இரண்டும் வேறு. நம் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துப் பயந்தார்கள், அதனால்தான் எனக்கு என்ன என்று பார்க்க அத்தனை காலம் ஆயிற்று.

நான் அடுத்த வாரம் வருகிறேன். என் மாத்திரை என் பையில் இருக்கும், வழியில் தின்ன முறுக்கும் அதிரசமும் இருக்கும், நீ ஸ்டேஷனுக்குக் கைத்தாங்கலாகப் பிடிக்க வராதே, பெட்டியைத் தூக்க மட்டும் வா. எனக்கு ஒரு மணையும், பெரிய பாத்திரத்தில் வெந்நீரும் போதும். குழந்தையை முதல் நாளிலிருந்து நான் குளிப்பாட்டுவேன். உன் பெண்டாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, கை எப்படிப் பிடிக்கிறது, தலையை எப்படித் தாங்குகிறது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.

எனக்கு வேண்டியது அதற்கு அப்புறம் வரும் ஒரே ஒரு நாள்தான். உடம்பு தேறியதும் அவள் காலை நீட்டி உட்காரட்டும். குழந்தையை அவள் காலில் போட்டு, மதினி அன்று ஐந்தருவியில் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைக் குளிப்பாட்டியவள்